கோர்ட் தவணையும் கிளினிக் தவணையும்

தோட்டத்துப் பையனைப் பொலிஸ் பிடித்துப்போனால் வீட்டார் முதலில் ஓடுவது தோட்டத் தலைவரிடம். பிறகு பிணைக்கு ஆள் தேட வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு புரட்ட வேண்டும். பிணையில் வந்துவிட்டால் "தப்பிச்சான்" என்று பெருமூச்சு விடுகிறோம். பையனுக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லை, பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று, அப்பாவின் போத்தலில் மிஞ்சியதைக் குடித்துப் பழகிவிட்டான் என்பதெல்லாம் யார் காதுக்கும் போவதில்லை.

சட்டம் பார்க்கும் வயது

2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்படும்வரை எட்டு வயதுப் பிள்ளைமீதே வழக்குப் போடலாம் என்றிருந்தது. இப்போது 12 வயது நிரம்பாத பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவன் என்றால், செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அவனுக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். தனிச் சிறுவர் நீதிமன்றங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்ற ஊர்களில் நீதவான் நீதிமன்றமே அந்த வேலையையும் செய்கிறது.

போத்தலை ஒளிக்காதீர்கள்

நன்னடத்தை உத்தியோகத்தர் லயத்துக்கு வருகிறார் என்றதும் காம்பராவைக் கூட்டி, போத்தலை ஒளித்து, சின்னதுகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "நல்ல பிள்ளைங்க ஐயா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவரைப் பொலிஸின் ஆள் என்று நினைப்பதால் வரும் வினை இது. அவர் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விசாரித்து அவர் எழுதும் அறிக்கையைத்தான் நீதவான் வாசிப்பார். பையனுக்கு உளநலச் சிகிச்சை தேவை என்பது அதில் வந்தால் அந்தப் பக்கம் கதவு திறக்கலாம். கையைக் கீறிக்கொள்கிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா, அப்பா அடிக்கிறாரா? வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள்.

காசில்லாத வைத்தியம், போகும் பேர்

பதுளை போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் வைத்தியம் இலவசம். ஆனால் பசறைக்கு அப்பாலுள்ள மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கோர்ட் தவணைக்கு ஒரு பேர், கிளினிக்குக்கு இன்னொரு பேர் என்றால் எதை விடுவாள்? கிளினிக்கைத்தான். அதில் அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தவணை நாளை மாற்றித் தரும்படி கிளினிக்கிலேயே கேட்டுப் பாருங்கள். கூட்டிப்போக அப்பாவும் முறை எடுக்கட்டும். பையன் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாமியாடியிடம் கயிறு கட்டுவதென்றால் கட்டுங்கள், அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

டாக்டர் பேசும் சிங்களம் விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிடச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. உளநல ஆலோசனைக்குத் தொலைபேசி எண் 1926, பிள்ளைக்கு வதை நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

உள்ளே போன பிள்ளைக்கு

கெப்பெட்டிபொலவில் சான்றுபெற்ற பாடசாலை இருக்கிறது. தல்தெனவில் இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம். அங்கே அனுப்பப்பட்ட பையனைப் பார்க்கப் போகிறவர்கள் முறுக்கும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பையிலேயே கிளினிக் புத்தகத்தையும் வையுங்கள். அவன் குடித்துவந்த மாத்திரை எது, கடைசியாக எப்போது குடித்தான் என்பதை அங்குள்ள பொறுப்பதிகாரியிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.