மூச்சு விட்ட ஆட்டுக்குட்டி

பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது தாயா, வயிற்றுக்குள் இருக்கும் சிசுவா? 1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இந்தக் கேள்வியோடு ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் இருந்த குட்டிக்குக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செலுத்தினார். குட்டி நாளாகும் முன்பே பிறந்துவிட்டது. அவ்வளவு இளங்குட்டி மூச்சு விடவே வழியில்லை. ஆனால் விட்டது.

நனைந்த பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நுரையீரலின் நுண்ணறைகளுக்கும் அதே சிக்கல்தான். ஒட்டாமல் காக்க, சோப்பைப் போன்ற ஒரு பூச்சு அங்கே சுரக்கிறது, பெயர் சர்ஃபாக்டன்ட். அது போதிய அளவு ஊறுவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டு நாள் முடியும் முன்பே மூச்சுத்திணறி இறந்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று வைத்தியம் இல்லை.

ஆட்டுக்குட்டியின் நுரையீரலைக் கார்ட்டிசால் முன்கூட்டியே தயார்செய்திருக்கும் என்று ஊகித்த லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் குறைப்பிரசவ அபாயத்தில் இருந்த 282 தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு, கார்ட்டிசாலைப் போன்ற பீட்டாமெத்தசோன் ஊசி யாருக்கு என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டார்கள். எந்த ஊசி என்று மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால், பிழைக்கும் என்று தோன்றுகிற பக்கம் கை தானாகவே சாயும். நல்ல மருத்துவரின் கையும்தான். 1972இல் முடிவு வெளிவந்தது. தானாக வலி கண்ட தாய்மாரின் குழந்தைகளில், பீட்டாமெத்தசோன் பெறாதவர்களிடம் 25.8 சதவீதமாக இருந்த மூச்சுத்திணறல், பெற்றவர்களிடம் 9 சதவீதம்.

உலகம் உடனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகள் சிறியவை. தனித்தனியே பார்த்தால் பல உறுதியாக எதையும் சொல்லவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பாருங்கள். அதில் உள்ள படுக்கைக் கோடு ஒவ்வொன்றும் இந்த ஊசியைப் பற்றிய ஒரு பரிசோதனை. கோடு நீண்டால் சந்தேகம் அதிகம். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோட்டுக்கு 'வித்தியாசம் இல்லை' என்று பொருள். அதைத் தொடாமல் இடப்பக்கம் நின்றால் ஊசி உயிர் காக்கிறது. பெரும்பாலான கோடுகள் தொட்டுவிடுகின்றன. எல்லாவற்றையும் கூட்டிக் கிடைத்த சிறு வைரம் மட்டும் தெளிவாக இடப்பக்கம் நிற்கிறது. அந்தக் கூட்டல் கணக்கை 1990வாக்கில்தான் போட்டார்கள். ஊசியைப் பரவலாகப் போடலாம் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு பரிந்துரைத்தது 1994இல். இடையில் போன 22 ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களைக் கொண்ட பரிசோதனை 2015இல் வெளிவந்தது. கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் வரை ஊசி போனது. சிசு மரணமோ கூடியது! ஊசி போட்டுக்கொண்ட பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. மாதக் கணக்கு பிசகியிருந்தது.

2020இல் மீண்டும் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,852 பெண்கள். இம்முறை ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதி செய்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனைகளில் அதே வகை மருந்தான டெக்ஸாமெத்தசோன் போட்டார்கள். 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் 23.5 சதவீதத்திலிருந்து 19.6ஆகக் குறைந்தார்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பாதி ராத்திரியில் வலி கண்டு ஓடும்போது டாக்டர் முதலில் கேட்பது வாரக் கணக்கைத்தான்.