கீழாநெல்லி கல்லீரலைக் காக்குமா?

கொச்சியில் பதிவான செடி

காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடும் பழக்கம் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கும் உண்டு, மதுரைக்கும் உண்டு. அந்தப் பெயர் ஐரோப்பாவில் அச்சேறியது கொச்சி வழியாகத்தான். டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட், சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதனையும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களையும் துணைக்கொண்டு மலபார்ச் செடிகளைத் தொகுத்தார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலில் அது ‘கிர்கனெலி’.

சென்னை கிளப்பிய பரபரப்பு

1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த நோபல் அறிஞர் பரூக் புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர்கள். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தபோதும் உறுதியான ஆதாரம் தேறவில்லை.

அதன் பிறகும் நம்பிக்கை குறையாததற்குக் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பெருமை மட்டும் அப்போது குடித்த சாற்றுக்குப் போய்விடுகிறது!

தழும்பு வேறு விஷயம்

மது, கொழுப்பு, வைரஸ் எதுவானாலும், தொடர்ந்து காயப்படும் கல்லீரலில் நட்சத்திர செல்கள் கொலாஜன் நாரைச் சுரந்து தழும்பாக்குகின்றன. இதுதான் ஃபைப்ரோசிஸ். எஃப்0 முதல் எஃப்4 வரை அளப்பார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ். வலியே இருக்காது என்பதால் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கும்வரை பலருக்குத் தெரிவதில்லை.

மஞ்சளின் குர்குமின், ஐரோப்பிய முட்செடியின் சிலிமரின் போன்றவை எலிகளில் இந்தத் தழும்பைக் குறைத்திருக்கின்றன. மனிதரில் அது நிரூபணமாகவில்லை. எலிக்கு ரசாயனம் கொடுத்துச் சில வாரங்களில் உண்டாக்கும் தழும்பும், இருபது வருடம் குடித்தவரின் தழும்பும் ஒன்றல்லவே.

மிளகோடு சேர்ந்த மஞ்சள்

மட்டாஞ்சேரி வியாபாரத்தில் பேர்போன மிளகு இங்கே வேறு வேடத்தில் வருகிறது. குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்காகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998இல் காட்டியது. மஞ்சள் காப்ஸ்யூல்களுக்கு இது விளம்பரமாயிற்று. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரை விவரித்தனர். ஒருவர் இறந்தார், மூன்று பேரின் மாத்திரைகளில் பைப்பரின் இருந்தது. குழம்பு மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை. கோவிட் காலத்துச் சீந்தில் கஷாயமும் இப்படித்தான்: இந்தியாவின் 13 மருத்துவமனைகளில் 43 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவானது.

பலன் தருபவை

காரணத்தை நீக்கினால் தழும்பு பின்வாங்கும். ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர், சி-க்கு பெரும்பாலும் 12 வார மாத்திரை, குடிப்பவருக்கு நிறுத்தம், கொழுப்புக் கல்லீரலுக்கு 10 சதவீத எடைக் குறைப்பு. தாவரம்தான் வேண்டும் என்பவருக்குக் காபி இருக்கிறது: வழக்கமாகக் குடிப்பவர்களிடம் ஃபைப்ரோசிஸ் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. லேகியமோ சூரணமோ சாப்பிடுபவர்கள் அந்த டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துப் போகலாம்.