உஷார்! பணம் வராமலே வீடு கைமாறும்

புரோக்கர் வேண்டாம், நாமே விற்றுக்கொள்ளலாம் என்று வாசலில் போர்டு மாட்டி, இணையத்தில் நாலு படமும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்களா? தப்பே இல்லை. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு சதவீத கமிஷன் என்றால் 1,60,000 ரூபாய். யாருக்குத்தான் கொடுக்க மனசு வரும்? ஆனால் வீடு வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க ஊரே யோசனை சொல்லும்: வில்லங்கம் போட்டுப் பார், தாய்ப்பத்திரம் கேள், வக்கீலிடம் லீகல் வாங்கு. விற்கிறவரை எச்சரிக்க ஆளே கிடையாது. "உங்களுக்கென்ன சார், பணத்தை வாங்கிட்டுப் போகப்போறீங்க" என்பார்கள். அந்தப் பணம் வராமலே வீடு கைமாறலாம், அதுவும் சட்டப்படி.

கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டதாக விற்பவர் சொல்லும் வரி ஒன்று கட்டாயம் இருக்கும். பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் அடித்துவிடுவார். பணமோ இன்னும் வழியில் இருக்கும். "செக் போட்டுட்டேன், திங்கக்கிழமை கிளியர் ஆயிடும், நல்ல நேரம் முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க" என்று வாங்குபவர் அவசரப்படுத்துவார். நீங்களும் போடுவீர்கள், கைரேகை வைப்பீர்கள், சார்பதிவாளர் பதிந்துவிடுவார். திங்கட்கிழமை செக் திரும்பினால் பத்திரமும் தானாகச் செல்லாமல் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். போகாது. விலையைக் கொடுத்திருந்தாலும் சரி, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலும் சரி, அது கிரயம்தான் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்.

குஜராத்தில் சூரத் பக்கம் ஒரு விவசாய நிலம் 2009-ல் 1,74,02,000 ரூபாய்க்குக் கைமாறியது. பத்திரத்தில் 36 காசோலைகள். ஆறு காசோலைகளில் வெறும் 40,000 ரூபாய்தான் வந்தது, மற்ற முப்பதும் போலி என்று சொல்லி விற்றவர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை, காலக்கெடுவும் கடந்திருந்தது என்பது வேறு. ஆனால் 2020 ஜூலையில் வந்த தீர்ப்பில் நம் வயிற்றைக் கலக்கும் வாசகம் ஒன்று உண்டு: முழு விலையும் வரவில்லை என்பதற்காகப் பதிந்த பத்திரத்தை ரத்து செய்ய முடியாது, பாக்கித் தொகையை வசூலிக்க வேறு வழக்குத்தான் போட வேண்டும். வீடு அவரிடம், கோர்ட்டுப் படிக்கட்டு உங்களிடம்.

ஆகவே பின்தேதியிட்ட காசோலைக்குக் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஆர்டிஜிஎஸ் பணம் உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியிலேயே பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தியும் சாட்சி ஆகாது, இரண்டையும் போலியாகச் செய்யலாம். டிடி கொடுத்தால், அதை வழங்கிய கிளையின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். அவர் கொடுக்கும் எண்ணில் 'மேனேஜர்' யார் வேண்டுமானாலும் பேசுவார். வீட்டுக்கடனில் வாங்குகிறார் என்றால் கடன் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே கேளுங்கள். பதிவு நாளில் வங்கியின் ஆளே காசோலையோடு வந்தால் நிம்மதி. எந்தத் தேதியில், எந்தப் பரிவர்த்தனை எண்ணில் எவ்வளவு வந்தது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த பொறி கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதைப் பதிவு செய்தாக வேண்டும், பதிந்ததும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். 50,000 ரூபாய் அட்வான்ஸ் நீட்டி, பதினொரு மாதம் கெடு கேட்கிறவர் பெரும்பாலும் குடியேற வந்தவர் அல்ல. உங்கள் வீட்டை அதிக விலைக்குத் தள்ளிவிட ஆள் தேடப் போகிறவர். (புரோக்கரைத் தவிர்க்கத்தானே கிளம்பினீர்கள்? அவரே வாங்குபவர் வேஷத்தில் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பார்.) ஆள் கிடைக்காவிட்டால் போனை எடுக்கமாட்டார். நீங்கள் வேறு ஒருவருக்கு விற்கப் போனால் வில்லங்கத்தில் பழைய ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர் வர வேண்டும், வருவதற்கு ஒரு விலை சொல்வார். கெடு முடிந்து மூன்று ஆண்டு வரை வழக்குப் போடவும் அவருக்கு அவகாசம் உண்டு. தன் பக்கம் பணம் தயாராக இருந்தது என்று நிரூபித்துவிட்டால், 'கிரயம் செய்து கொடு' என்ற உத்தரவைப் பெறுவது 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முன்னைவிடச் சுலபம். பத்து சதவீதத்துக்குக் குறையாத அட்வான்ஸ், இரண்டு மூன்று மாதக் கெடு, தவறினால் என்ன ஆகும் என்ற தெளிவான ஷரத்து: இதற்கு ஒப்பாதவரோடு பேரம் எதற்கு?

சாவி விஷயத்தில் நம்மவர்களுக்கு இளகிய மனசு. "ஆடி பிறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடறோம்மா, பத்திரம் அப்புறம் பண்ணிக்கலாம்" என்று தாம்பூலத்தோடு வந்து நின்றால் மறுக்க வாய் வராது. மறுத்தே ஆகவேண்டும். பால் பொங்கிய பிறகு பேரம் முறிந்தால், உள்ளே இருப்பவரை வெளியேற்ற சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். "அதுவரைக்கும் ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்க" என்பதும் இதே ரகம். அந்தப் பவரை வைத்து அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்பார், பணமும் அவர் கைக்கே போகும்.

பாதித் தொகையை ரொக்கமாகத் தருகிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரும். அது பணத்தைக் கொடுத்தவருக்கு இல்லை, கைநீட்டி வாங்கிய உங்களுக்கு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினாரா என்று பாருங்கள். 80 லட்சத்தில் அது 80,000 ரூபாய். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் விதியே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தாய்ப்பத்திரத்தின் அசலை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலை உங்கள் முன்னிலையில் வாங்குபவருடைய வக்கீல் பார்க்கட்டும். அசல் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றிதழ் என்று நீங்கள்தான் அலைய வேண்டும். உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலும் வேண்டும். மிச்சம் பிடித்த கமிஷனில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும், அவருடைய வக்கீல் அவருக்காகத்தான் பேசுவார்.

விளம்பரத்தில் உங்கள் எண்ணைப் பார்த்து, வீட்டை வந்து பார்க்காமலே "பிடிச்சிருக்கு, டோக்கன் அட்வான்ஸ் அனுப்பறேன்" என்று ஒருவர் கூப்பிடக்கூடும். ராணுவத்தில் இருக்கிறேன் என்பார், சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். பிறகு ஒரு க்யூஆர் கோடு, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்." பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும். பணம் வருவதற்கு யுபிஐயில் பின் கேட்கவே கேட்காது. போட்டுத் தொலைத்திருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.