டேலி ஆனதும் வீட்டுக்கு

அந்தக் காலத்து வங்கி வேலை சுகமானது என்று சொல்பவர்கள் அரையாண்டுக் கணக்கு முடிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1980களில், பித்தளை டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம் பிற்பகலில் கலைந்து, கதவைச் சாத்திய பிறகுதான் உள்ளே பாடு தொடங்கும். லெட்ஜர்களின் கூட்டுத்தொகை பொதுப் பேரேட்டோடு ஒத்துவர வேண்டும். 27 ரூபாய் உதைக்கும். "ஒன்பதால வகுபடுதுல்ல? யாரோ நம்பரைத் திருப்பிப் போட்டிருக்கீங்கப்பா" என்பார் மூத்த கிளார்க். 63க்குப் பதிலாக 36 எழுதிய பக்கத்தை நாலைந்து பேர் உட்கார்ந்து தேடுவார்கள். ராத்திரி பத்து மணியும் ஆகும். டேலி ஆன நிமிடம் பாரம் இறங்கிவிடும். ரொக்கம் குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட்டாக வேண்டும். அந்த வேதனையும் அன்றோடு தீர்ந்துவிடும்.

இன்று கூட்டல் கழித்தலைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளை விட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். இருப்பவர்கள் தலையில் காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு என்று விற்பனை வந்து உட்கார்ந்தது. மேலாளர் ஒரு விவசாயியின் கடன் மனுவைப் படித்துக்கொண்டிருப்பார், "இன்னைக்கு பாலிசி பிடிக்கிற லாகின் டே, எத்தனை ஆச்சு?" என்று வாட்ஸ்அப் குழுவில் மேலிடம் கேட்கும். மாலை ரிவ்யூவில், பின்தங்கிய கிளைகளின் பெயரை எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். மார்ச் 31இல் டார்கெட்டை எட்டியவருக்கு ஏப்ரலில் அதைவிடப் பெரியது காத்திருக்கும். இந்தக் கணக்கு எந்த ராத்திரியிலும் டேலி ஆகாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் கூடவே வந்து உட்காரும்.

அந்த அழுத்தம் கவுண்டரைத் தாண்டி நம் மேலும் விழுகிறது. டெபாசிட்டைப் புதுப்பிக்க வரும் பெரியவர், தனக்குத் தேவையே இல்லாத பாலிசியில் கையெழுத்திட்டுப் போகிறார். விற்றவருக்கும் அன்று தூக்கம் வராது.

இது வங்கியோடு நிற்பதில்லை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது, அதன் விலை ஒரு லட்சம் கோடி டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் 2016இல் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 7,45,000 பேர் இறந்ததாக அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஈய நச்சு இருந்தது, சிலிகோசிஸ் இருந்தது. மன அழுத்தம் இருக்கவில்லை. மேஜையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரின் கோப்பில் மருத்துவ விடுப்பு என்று மட்டும் பதிவாகிறது. கிளையின் டார்கெட் அந்த மாதமும் குறைவதில்லை.