மழுங்கிய கத்திக்கு யார் பொறுப்பு?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் கேமரன் மலைக் கடைகளில் டிக்கார் கெத்தா எனும் தரைவிரிப்புச் சுருள்கள் வாசலுக்கு வந்து நிற்கும். கடைக்காரர் மீட்டர் கணக்கில் அளந்து தருவதோடு சரி. கதவு மூலை, அலமாரிக் கால், கோணலான சுவர் என்று பார்த்து நறுக்கிப் பொருத்துவது வாங்கியவர் பாடு. தோட்ட லயன் வீடுகளில் அந்த வேலைக்கு எடுப்பது மேசை இழுப்பறையில் கிடக்கும், முனையை ஒடித்து வெட்டும் பழைய பேனாக்கத்தியைத்தான். இதே வேலையைக் கூலிக்குச் செய்பவர்களும் இருக்கிறார்கள். குளிரும் ஈரமும் விடாத மலையில் தங்கும் விடுதிகளின் கார்பெட் சீக்கிரம் பூஞ்சை வாடை பிடிக்கும். பழையதைக் கிழித்தெறிந்து புதியதை விரிக்கும் வேலை, தோட்டத்தை விட்டு வெளியே பிழைக்க வரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய கூலி வேலைகளில் ஒன்று. இரண்டு இடத்திலும் விரல் அறுபட்டால் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "பார்த்து வெட்டக் கூடாதா?" இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். எந்தக் கத்தி, அதன் அலகு எத்தனை நாள் பழசு, புது அலகுக்கு யார் காசு கொடுப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் வெட்டியவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கூரான அலகு லேசாக இழுத்தாலே பொருளுக்குள் இறங்கும். அது மழுங்க மழுங்கக் கை அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வெட்டுகிறவருக்கே அது தெரியாது. கார்பெட்டின் அடிப்பின்னலில் ஒரு முரட்டு இழை தடுத்து, பிறகு சட்டென்று அறும்போது, அதுவரை தோளிலிருந்து இறங்கிய பலம் முழுவதும் கத்தி போகும் திசையில் பாய்கிறது. அந்தத் திசையில் இருப்பது அளவுகோலைப் பிடித்த இடது கை, இல்லாவிட்டால் மண்டியிட்ட தொடை. கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பின் குளிர் இதை இன்னும் மோசமாக்கும். குளிரில் டிக்கார் கெத்தா விறைத்துக்கொள்ளும். காலையில் சுருளைப் பிரித்தவுடன் வெட்டப் போனால் அது மல்லுக்கு நிற்கும். சில மணி நேரம் அறைக்குள் விரித்துப் படிய விட்டால் கத்திக்கு வேலை குறையும். பனி ஈரத்தில் அலகும் இழுப்பறைக்குள்ளேயே துருவேறிவிடும். தேயிலையில் கவ்வாத்து வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொட்டைக் கத்தி பட்ட கிளை பிளக்கும், பிளவில் தண்ணீர் இறங்கி அழுகும் என்பதால் அவர்கள் தீட்டிக்கொண்டே வெட்டுவார்கள். செடிக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு மணிக்கட்டுக்குக் கிடைப்பதில்லை.

மழுங்கிய அலகால் வெட்டக் கூடாது என்பதற்குப் பேனாக்கத்தியின் கதையே சாட்சி. 1956ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா அதை உருவாக்கியபோது அவருக்கு வழிகாட்டியவை இரண்டு: கட்டம் கட்டமாக உடையும் சாக்லேட், செருப்புத் தொழிலாளர்கள் உடைத்து உடைத்துப் பயன்படுத்திய கண்ணாடிச் சில்லு. முனை மழுங்கினால் ஒடித்துப் போட்டுவிட்டுப் புது முனையால் வெட்டு என்பதே அதன் தத்துவம். நாமோ ஒடிப்பதே இல்லை. முனை போனால் அலகை நீளமாக வெளியே தள்ளி நடுப்பகுதியால் வெட்டுகிறோம். அலகின் குறுக்கே ஓடும் கோடுகள் முறிவதற்கென்றே போடப்பட்டவை. பக்கவாட்டில் திருகினால் அங்கேதான் முறியும், துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும். 9 மில்லிமீட்டர் கத்தி காகிதத்துக்கானது. டிக்கார் கெத்தாவுக்குக் குறைந்தது 18 மில்லிமீட்டர் வேண்டும், அதிலும் வெளியே நீட்டுவது ஒன்றிரண்டு கட்டம் மட்டும். கார்பெட்டுக்கு இந்த வகையே பொருந்தாது. தடித்த பிடிக்குள் திருகாணியால் இறுகும், ஒடியாத சரிவக அலகுதான் அதற்கு ஏற்றது. அதே பிடியில் கொக்கி அலகையும் மாட்டலாம். கூர் வளைவின் உட்புறத்தில் இருப்பதால் முனை தரையைக் குத்தாது, இழுக்க இழுக்க விரிப்பைத் தானே கவ்விக்கொண்டு போகும். நுனி வெட்டிய இழையுள்ள கார்பெட்டை முதுகுப் பக்கம் புரட்டி வெட்ட வேண்டும். வளையம் வளையமாக இழை நிற்கும் கார்பெட்டை முகப்பிலேயே, இழை வரிசைகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் வெட்ட வேண்டும். மர அளவுகோல் மேல் கத்தி ஏறிவிடும் என்பதால் இரும்புக் கோல் வேண்டும். அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்க நினைக்காமல் ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.

கைப்பழக்கம் உள்ளவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் கத்தியில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. கார்பெட்டை இழுத்து விறைப்பாக்க, பின்பக்கம் மெத்தை வைத்த ஒரு கருவியை முழங்காலால் உதைப்பார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1990ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அந்நாட்டு உழைப்பாளர்களில் கார்பெட் விரிப்பவர்கள் 0.06 விழுக்காடுகூட இல்லை. ஆனால் முழங்கால் அடிக்காக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 6.2 விழுக்காடு அவர்களுடையது. ஒவ்வோர் உதையிலும் முழங்காலில் விழும் விசை உடல் எடையைப்போல் நான்கு மடங்கு. இங்கே யாருடைய கவனக்குறைவைச் சொல்வது? பழகிய கை, சரியான முறை, எல்லாம் இருந்தும் கால் போகிறது. நெம்புகோலால் இழுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள் என்பதே நிறுவனத்தின் அறிவுரை. 'பார்த்து உதையுங்கள்' என்று அது சொல்லவில்லை. கையுறை போட்டால் பிடி வழுக்கும் என்ற ஆட்சேபத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. தொளதொளத்த பருத்திக் கையுறை வழுக்கத்தான் செய்யும். வெட்டுத் தாங்கும் நூலில் பின்னிய, விரலோடு ஒட்டும் கையுறையை அளவுகோல் பிடிக்கும் கைக்கு மட்டும் போட்டால் கத்திப் பிடிக்கு ஒரு தடையும் இல்லை.

இனி காசு. மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994, அதாவது சட்டம் 514, பாதுகாப்பான கருவியும் முறையும் தருவதை முதலாளியின் கடமையாக்குகிறது. சட்டத்தின்படி செய்ததற்கோ கொடுத்ததற்கோ தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. கையுறை விலையைச் சம்பளத்தில் கழிப்பது இதற்கு நேர் எதிர். புது அலகும் அதே கணக்கில் சேர வேண்டியதுதான். 'அவன் என் ஆள் இல்லை, குத்தகை ஆள்' என்று முதலாளியான தவுக்கே கைகழுவவும் முடியாது. தன் கட்டுப்பாட்டில் உள்ள விஷயங்களில் குத்தகையாளரும் அவருடைய ஆட்களும் தன் தொழிலாளிகள் போலத்தான் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. 1 ஜூன் 2024 முதல் அமலில் உள்ள திருத்தம் வீட்டுப் பணி போன்ற சில விலக்குகள் தவிர ஏறக்குறைய எல்லா வேலையிடத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முதலாளி கடமை மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி அசையாவிட்டால் அந்த வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையும் வந்துவிட்டது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவது 27ஆம் பிரிவின்படி குற்றம். சின்னக் குத்தகையாளருக்கு இது கட்டுப்படியாகுமா என்றால், ஒரு பெட்டி அலகின் விலையை ஒருவர் நான்கு நாள் படுத்துக் கிடப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

விரல் அறுபட்ட பிறகு செய்ய வேண்டியது வேறு. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் பெரிய தவறு. விரலை மடக்க முடியவில்லை, நுனி மரத்துப்போனது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம்; தாமதித்தால் இணைப்பது கடினமாகும். பள்ளி விடுமுறை நாளில் கியா ஃபார்ம் நெரிசலைத் தாண்டித் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகவே நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மருத்துவரிடம் 'வேலையில் பட்ட காயம்' என்று சொல்லிப் பதிய வைப்பது முக்கியம். வீட்டில் பட்டது என்று சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969ன்படி முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு கிடைத்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாக வரும். 2019 ஜனவரி முதல் முறையான வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். யாரிடமும் சம்பளம் வாங்காமல் தானே வேலை பிடித்துச் செய்பவருக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம் 789 உண்டு. தான் தேர்ந்தெடுத்த வருமான அளவில் 1.25 விழுக்காடு சந்தா. மழுங்கிய அலகை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வதும், கூட இருந்தவரின் பெயரை எழுதிக்கொள்வதும் பின்னால் கைகொடுக்கும்.

வீட்டில் டிக்கார் கெத்தா வெட்டும் பெண்ணுக்கு இந்தச் சட்டங்களில் ஒன்றும் கிடையாது. அவருக்கென்று வந்தது 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம். 55 வயதுக்குள் இருப்பவர் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால் வீட்டு வேலையில் நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் சந்தா முன்பே கட்டியிருக்க வேண்டும். விரல் அறுபட்ட பிறகு சொக்சோ கவுன்டருக்குப் போய்ப் பதிந்தால் அந்த விரலுக்கு ஒன்றும் வராது.