எழுத்து யாருக்காக?



சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகிறோம். தேக்கா சந்தையிலிருந்து நடக்கத் தொடங்கினால் மளிகைக்கடை, நகைக்கடை, பூக்கடை என்று வழியெல்லாம் தமிழ்ப் பலகைகள். கூட வரும் பேரப்பிள்ளை ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வருகிறது. நமக்கும் மனம் குளிர்கிறது. ஆனால் அதே பிள்ளையிடம், பாட்டி பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 'மலை', 'கண்ணாடி' போன்ற சொற்களில் வந்து நின்றுவிடும். "இது என்ன எழுத்து, பாட்டி?" என்று கேட்கும். பாட்டிக்கோ அந்த எழுத்துத்தான் பழக்கம்.

ஒரே மொழி, ஒரே வீடு. இடையில் எழுத்து மட்டும் எப்படி மாறியது? யாருக்காக மாறியது? இன்று இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247 எழுத்துகள். இத்தனையையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியதில்லை. 'க'வுக்குக் கால் போட்டால் 'கா', 'ம'வுக்குக் கால் போட்டால் 'மா' என்று விதியைப் பிடித்துக்கொண்டால் பல வரிசைகள் தாமே வந்துவிடும். முன்பு 13 எழுத்துகள் இந்த விதிக்கு அடங்காமல் நின்றன. ணா, றா, னா ஆகிய மூன்றுக்கும் கால் கிடையாது. எழுத்தோடு சேர்த்தே ஒரு சுழி சுழிக்க வேண்டும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறிலும் அதே சுழிதான். ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு.

பதின்மூன்றுதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். நாலு வருஷம் மட்டுமே பள்ளிக்கூடம் போக முடிந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆனால் கை கால் வளர்ந்ததும் பால்மரக் காட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். படிக்கக் கிடைத்த கொஞ்ச காலத்தில் ஒவ்வொரு விதிவிலக்கும் ஒரு பாரம். எழுத்துத் தெரியாதவர் சம்பளக் கணக்குக்குக் கிராணியார் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்க அடுத்த வீட்டுக்காரரிடம் போக வேண்டும். வீட்டு ரகசியம் ஊர் ரகசியமாகிவிடும்.

இந்தப் பாரத்தைக் குறைக்க முன்வந்தவர் தந்தை பெரியார். 1929-30-இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து நம்மவர்களைச் சந்தித்துச் சென்றவர் அவர். 1935 ஜனவரியில் தமது 'குடி அரசு' இதழைச் சீர்திருத்திய எழுத்தில் அச்சிடத் தொடங்கினார். கற்பவருக்கும் எளிது, அச்சுக் கோப்பவருக்கும் தனித்தனி ஈய எழுத்துகள் குறையும் என்பது அவர் வாதம். அதே 1935-இல்தான் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார்.

"தொன்மையான எழுத்தில் கை வைக்கலாமா?" என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனால் எழுத்து எப்போது ஒரே நிலையில் நின்றது? எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்றது தொல்காப்பியம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எனவே பலர் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர் திண்டாடினார். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். இன்று அதைப் புதுமை என்று யாரும் சொல்வதில்லை.

பெரியாரின் எழுத்து அரசாணையாக 43 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, தமிழக அரசு அந்த 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்றது. 1973-இல் மறைந்த பெரியார் அதைப் பார்க்கவில்லை. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றன. சிங்கப்பூரில் சீன மொழிக்கும் இப்படியே நடந்தது. 1969 முதல் எளிமையாக்கப்பட்ட சீன எழுத்துகள் படிப்படியாக வந்தன. அந்தச் சீன வீடுகளிலும் தாத்தா ஓர் எழுத்தும் பேரன் ஓர் எழுத்துமாகத்தான் படித்தார்கள்.

இப்போது இன்னும் சற்றுத் தூரம் போவோம். கொரியா நாட்டை 1418 முதல் 1450 வரை ஆண்டவர் சேஜோங் மன்னர். அந்நாட்டார் பேசியது கொரிய மொழி. எழுதியதோ சீன எழுத்து. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கற்க உழவனுக்கு ஏது நேரம்? தன் குறையை எழுதிச் சொல்லவும் வழியில்லை. இதைக் கண்டு இரங்கிய மன்னர் 28 எழுத்துகள் கொண்ட புது முறையை 1443-இல் உருவாக்கி, 1446-இல் வெளியிட்டார். ஒலி பிறக்கும்போது நாக்கும் உதடும் பல்லும் தொண்டையும் எப்படி இருக்கின்றனவோ, அதையே மெய்யெழுத்துகளுக்கு வடிவமாக வைத்தார். எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னார் அல்லவா? அந்த அறிவை இவர் கோடுகளாக வரைந்துவிட்டார் எனலாம்.

அரசர் சொன்னால் மறுபேச்சு ஏது என்று நினைப்போம். ஆனால் 1444-லேயே அரண்மனை அறிஞர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். சேஜோங் மறைந்த பிறகும் படித்தவர்கள் சீன எழுத்தையே பெருமையாகக் கொண்டார்கள். அரசாங்க ஆணைகள் கொரிய எழுத்தில் வர 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய 450 ஆண்டுகள் அந்த எழுத்தை வாழவைத்தவர்கள் யார்? தாய் மகளுக்கும் மனைவி கணவனுக்கும் எழுதிய கடிதங்களும், மக்கள் விரும்பிப் படித்த கதைகளுமே. ஹங்குல் என்று இன்று வழங்கும் அதில் 24 அடிப்படை எழுத்துகள் பயன்படுகின்றன.

மன்னர் எழுத்தைப் படைத்தார்; பெரியார் எழுத்தைத் திருத்தினார்; அரசுகள் ஆணை போட்டன. ஆனால் எழுத்துக்கு உயிர் கொடுப்பது அதை எழுதும் கைதான். அரண்மனை கைவிட்டபோதும் அடுப்படியில் கொரிய எழுத்து வாழ்ந்தது. வீட்டில் யாரும் எழுதாவிட்டால், சிராங்கூன் சாலையில் எத்தனை பலகை தொங்கினாலும் நம் எழுத்து அலங்காரமாகத்தான் நிற்கும்.

ஆகவே இன்று இரவே ஒரு காரியம் செய்யலாம். பாட்டியையும் பேரப்பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைப்போம். ஒரு தாளில் அந்த 13 எழுத்துகளைப் பாட்டி பழைய முறையில் எழுதட்டும். பக்கத்திலேயே பிள்ளை புதிய முறையில் எழுதட்டும். அரை மணி நேரம் போதும். பாட்டியின் பெட்டியில் இருக்கும் புத்தகம் பிள்ளைக்குத் திறந்துவிடும். பிள்ளையின் பாடப்புத்தகம் பாட்டிக்குத் திறந்துவிடும்.