புது வேலையில 7 லாகின் கொடுப்பாங்க. உங்க பணம் எந்த லாகின்ல இருக்கு?



போன வாரம் கல்மண்டபத்துல இருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். காலேஜ் முடிச்சு முதல் வேலை. பாரிமுனை பக்கம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ், சம்பளம் 22,000 ரூபாய். சேர்ந்த அன்னைக்கே 7 லாகின் எழுதின ஒரு தாளை கையில கொடுத்திருக்காங்க. ஆபீஸ் மெயில், சாட் ஆப், அட்டெண்டன்ஸ் ஆப், பில்லிங் சாஃப்ட்வேர், கஸ்டம்ஸோட ஐஸ்கேட் போர்ட்டல், ஹெச்.ஆர். போர்ட்டல், இன்சூரன்ஸ் போர்ட்டல்.

"அண்ணா, ஐஸ்கேட்ல பில் ஆஃப் என்ட்ரி போட 3 நாள் பக்கத்துல உட்கார வெச்சு சொல்லிக்கொடுத்தாங்க. ஹெச்.ஆர். போர்ட்டலை மட்டும் 'டைம் கிடைக்கும்போது ஃபில் பண்ணிடு'ன்னு விட்டுட்டாங்க. நாமினி கேட்ட இடத்துல ஸ்கிப் கொடுத்துட்டேன். பிரச்சனை ஆகுமா?"

அதுக்குக் கீழே இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தார். அவரோட அப்பா கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், 4 வருஷம் முன்னாடி இறந்துட்டார். பிஎஃப் கணக்குல நாமினி இல்ல. பேரோட ஸ்பெல்லிங்கும் ஆதாரோட ஒத்துப்போகல. வாரிசு சான்றிதழ், பேர் திருத்தம்னு அம்மா ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்காங்க.

அதைப் பக்கத்துல இருந்து பார்த்த பையனே ஸ்கிப் பட்டனை அழுத்தியிருக்கார். அவரைக் குறை சொல்லல. முதல் வாரத்துல நாம எல்லாருமே அப்படித்தான் இருப்போம்.

கம்பெனி எதைச் சொல்லித்தரும்?

பில் ஆஃப் என்ட்ரியை லேட்டா ஃபைல் பண்ணா முதல் 3 நாளைக்கு தினமும் 5,000 ரூபாய், அதுக்கப்புறம் தினமும் 10,000 ரூபாய் லேட் சார்ஜ் விழும். அதனால அதை 3 நாள் சொல்லித்தர்றாங்க. தப்பு நடந்தா கம்பெனிக்குச் செலவாகிற டூலுக்குக் கம்பெனி டிரெயினிங் கொடுக்கும். தப்பு நடந்தா உங்களுக்குச் செலவாகிற டூலை நீங்களேதான் கத்துக்கணும். அப்படி மூணு இருக்கு.

1. தாள்லயே இல்லாத லாகின்: யூஏஎன்

பிஎஃப் பிடிக்கிற கம்பெனியில சேர்ந்தா உங்களுக்கு 12 இலக்க யூஏஎன் நம்பர் வரும். எத்தனை கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான். ஏற்கனவே 3 மாசம் எங்கயாவது வேலை பார்த்து பிஎஃப் பிடிச்சிருந்தா, ஜாயினிங் டிக்ளரேஷன்ல அந்தப் பழைய நம்பரையே கொடுங்க. ரெண்டு நம்பர் ஆயிட்டா பின்னாடி சேர்க்கிறது தலைவலி. முதல் வேலைன்னா, 2025 ஆகஸ்ட் 1-லிருந்து உமங் ஆப்ல முகத்தை ஸ்கேன் பண்ணி நீங்களே யூஏஎன் எடுக்கலாம்.

அதுல எவ்வளவு சேருது? நம்ம தம்பியோட பேசிக் 15,000-ன்னு வெச்சுக்குவோம். அவர் பங்கு 12%, அதாவது 1,800. கம்பெனி பங்கும் 1,800. அதுல 1,250 பென்ஷனுக்குப் போகும், 550 பிஎஃப்ல சேரும். ஆக பிஎஃப்ல மட்டும் மாசம் 2,350, வருஷம் 28,200. 2024-25-க்குக் கொடுத்த வட்டி 8.25%. இது போக, வேலையில இருக்கும்போது ஒருத்தர் இறந்துட்டா, இடிஎல்ஐ திட்டத்துல அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும். இதுக்கு உங்க சம்பளத்துல ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டாங்க.

இந்த எல்லாப் பணமும் சுலபமா வீட்டுக்குப் போய்ச் சேரணும்னா நாமினி இருக்கணும். நிறைய பேர் குழம்புறது இங்கதான். ஹெச்.ஆர். போர்ட்டல்ல நாமினி பேரை டைப் பண்ணது கம்பெனி ரெக்கார்டுக்கு. பிஎஃப்-க்கு ஈபிஎஃப்ஓ மெம்பர் போர்ட்டல்ல தனியா இ-நாமினேஷன் போடணும். உங்க போட்டோ அப்லோட் ஆகியிருக்கணும், நாமினியோட ஆதார் விவரம் வேணும். கடைசியில ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் பண்ணணும். இ-சைன் பண்ணலைன்னா அது பாதியிலதான் நிக்குது. இன்னொண்ணு: கல்யாணம் ஆனா பழைய நாமினேஷன் செல்லாது, புதுசா போடணும்.

2. ஹெச்.ஆர். போர்ட்டல்: ஒரு டிக், 18,000 ரூபாய்

டாக்ஸ் டிக்ளரேஷன் பக்கத்துல 'பழைய முறையா, புதிய முறையா'ன்னு கேட்கும். "பழசுலதான் 80சி இருக்கு"ன்னு பக்கத்து சீட்டு சீனியர் சொல்லுவார். கேட்டுட்டு டிக் பண்ணிடுவோம்.

மாசம் 50,000, வருஷம் 6 லட்சம் வாங்குற ஒருத்தரோட 2025-26 கணக்கைப் பார்ப்போம். புதிய முறையில 75,000 நிலைக்கழிவு போக மீதி 5.25 லட்சம். 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால வரி பூஜ்யம். பழைய முறையில நிலைக்கழிவு 50,000, பிஎஃப் 21,600 போக வேற சேமிப்பு, வாடகை எதுவும் காட்டலைன்னா, வருஷத்துக்கு 18,000 ரூபாய்க்கு மேல வரி வரும். மாசம் சுமார் 1,500 டிடிஎஸ் போயிடும்.

தப்பா டிக் பண்ணியாச்சா? பயப்பட வேண்டாம். சம்பளம் மட்டும் வாங்குறவங்க, கடைசி தேதிக்குள்ள ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது முறையை மாத்தி ரீஃபண்ட் வாங்கலாம். ஆனா அதுவரைக்கும் உங்க பணம் உங்ககிட்ட இருக்காது.

வருஷ நடுவுல கம்பெனி மாறியிருந்தா, பழைய கம்பெனியில வாங்கின சம்பளத்தையும் இந்தப் போர்ட்டல்லயே சொல்லிடுங்க. சொல்லலைன்னா ரெண்டு கம்பெனியும் தனித்தனியா கழிவு கொடுத்துடும். ரிட்டர்ன் போடுற நேரத்துல மொத்தமா கட்டச் சொல்லும்.

3. இன்சூரன்ஸ் போர்ட்டல்: தேதி முக்கியம்

குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ்ல குடும்பத்தைச் சேர்க்க நிறைய கம்பெனியில ஒரு கெடு இருக்கும். அதை விட்டா அடுத்த வருஷ ரினியூவல்தான். அப்பா, அம்மாவுக்கு கவர் உண்டா, தனியா பிரீமியம் கட்டணுமான்னு முதல் வாரமே மெயில்ல கேளுங்க. வாய் வார்த்தையா கேட்காதீங்க.

மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்க ஈஎஸ்ஐ-ல வருவாங்க. உங்ககிட்ட பிடிக்கிறது 0.75% மட்டும். அதுலயும் குடும்பத்துல யார் யாருன்னு பதிவு ஆகியிருக்கான்னு பார்த்து, கார்டை டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாஸ்வேர்டு தேடக்கூடாது.

எல்லா லாகினுக்கும் பொதுவா ரெண்டு விஷயம்

பிஎஃப், வருமான வரி, இன்சூரன்ஸ் மூணுலயும் உங்க சொந்த மொபைல் நம்பர், சொந்த மெயில் ஐடியைக் கொடுங்க. ஆபீஸ் மெயில் கொடுத்தா, வேலையை விடுற அன்னைக்கு சாயங்காலமே அந்தக் கதவு மூடிடும். பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர் எல்லாத்தையும் வந்த உடனே டவுன்லோட் பண்ணி சொந்த இடத்துல சேமிங்க. நாளைக்கு லோன் கேட்கும்போது பேங்க் முதல்ல கேட்கிறது பே ஸ்லிப்தான்.

ரெண்டாவது, ஓடிபி. 'ஹெச்.ஆர்.ல இருந்து பேசறோம், பிஎஃப் ஆக்டிவேட் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க'ன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. உங்க ஓடிபி-யை நீங்கதான் போடணும். பணம் போயிட்டா உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

முதல் மாசத்துக்குள்ள

- யூஏஎன் ஆக்டிவேட், ஆதார்ல இருக்கிற மாதிரியே பேர், பிறந்த தேதி
- இ-நாமினேஷன், இ-சைன் வரைக்கும்
- வரி முறையைக் கணக்குப் போட்டுப் பார்த்து டிக்
- இன்சூரன்ஸ்ல குடும்பத்தார் பேர்
- முதல் பே ஸ்லிப்ல பிஎஃப் பிடிச்சிருந்தா, பாஸ்புக்ல அது வந்திருக்கான்னு செக்

மொத்தமா ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும்.

அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். நேத்து பதில் போட்டிருந்தார். ஆதார்ல இருந்த மொபைல் நம்பர் அப்பாவோட பழைய நம்பராம், ஓடிபி வரவே இல்ல. ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாத்தி, அப்புறம் அம்மாவை நாமினியா போட்டு முடிச்சிருக்கார். "அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தாங்க அண்ணா. அவங்க பேரோட ஸ்பெல்லிங்கை ரெண்டு தடவை படிச்சுக்காட்டச் சொன்னாங்க."

நீங்களும் இன்னைக்கே உங்க பேர், நாமினி பேர் ரெண்டையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. இ-நாமினேஷன் போடுறதை ஸ்கிரீன்ல ஒவ்வொரு ஸ்டெப்பா அடுத்த வீடியோவுல காட்டுறேன்.